“மிஸ், எத்தனை வரி விடணும்?” பிள்ளைகள் தாங்களாகப் படிக்க மொழி வகுப்பில் என்ன செய்கிறீர்கள்?

தண்டையார்பேட்டை_டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் 43 பேர். போன வாரம் ஒரு பீரியடில் பிள்ளைகள் என்னிடம் கேட்டதையெல்லாம் ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். ப்ளூ பேனாவா பிளாக் பேனாவா, மார்ஜின் போடணுமா, தலைப்புக்கு அடிக்கோடு உண்டா, எத்தனை வரி விடணும், இந்தப் பக்கத்திலேயே எழுதலாமா, இதுக்கு மீனிங் என்ன, இது சரியா, இது சரியா, இது சரியா. நாற்பது நிமிடத்தில் 31 கேள்வி. ஆங்கிலத்தைப் பற்றியது அதில் நான்குதான். மற்றதெல்லாம் அனுமதி.

வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. இதே பிள்ளைகள்தான் காலையில் தண்ணி லாரிக்குக் குடம் வரிசை போடுகிறார்கள், தம்பி தங்கையைக் கிளப்பிவிடுகிறார்கள், கடைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வருகிறார்கள். ஒரு பையன் லீவு நாளில் காசிமேட்டு ஏலத்துக்கு மாமாவோடு போய், எந்தக் கூடை என்ன விலைக்குப் போனது என்று மறுநாள் வரை ஞாபகம் வைத்திருக்கிறான். அப்படிப்பட்டவனுக்கு வகுப்பில் ஒரு கோடு போட என் அனுமதி வேண்டியிருக்கிறது. இதைப் பழக்கிவிட்டது நாங்கள்தான், அவர்கள் அல்ல.

ஆகவே இந்த ஆண்டு முடிவதற்குள் கொஞ்சமாவது மாற்றிப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறேன். யார் என்ன செய்து பார்த்தீர்கள், எது ஓடியது, எது படுத்துவிட்டது? தயவுசெய்து பயிற்சி வகுப்பில் காட்டும் ஸ்லைடு மாதிரி வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள்.

ஏணி_அட்டை

டீச்சர், நான் மாநகராட்சிப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் செயல்வழிக் கற்றல் காலம்தான் நினைவுக்கு வந்தது. 2003ல் சென்னை மாநகராட்சியில் 13 பள்ளிகளில் தொடங்கினார்கள், ஆந்திராவில் இருக்கும் ரிஷிவேலிப் பள்ளியில் இருந்து எடுத்த யோசனை, 2007 வாக்கில் தமிழ்நாடு முழுக்கப் போய்விட்டது. பாய் போட்டு உட்கார்ந்த பிள்ளைகள், அவர்கள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, எழுதியதை மாட்டிவைக்கக் கம்பிப் பந்தல், வருகையைக்கூட அவர்களே குறித்துக்கொள்வார்கள். பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப் படத்தைப் பிள்ளை பார்த்து, தன் பாட அட்டையைத் தானே எடுத்து வந்து உட்காரும். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, உண்மையாகச் சொல்கிறேன்.

அதில் ஆறு குழு இருந்தது: ஆசிரியர் முழு உதவி, ஆசிரியர் பகுதி உதவி, சக மாணவர் முழு உதவி, சக மாணவர் பகுதி உதவி, சுயமாக, மதிப்பீடு. யோசித்துப் பாருங்கள், உதவியில் இருந்து சுயத்துக்கு ஒரே தாவாகத் தாவவில்லை, நடுவில் மூன்று படி இருக்கிறது. இன்றைக்கு “பிள்ளைகளே செய்யட்டும்” என்று சொல்பவர்கள் பலர் அந்த நடுப்படிகளை விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் குறையையும் சொல்ல வேண்டும். எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதை அட்டையில் இருக்கும் சின்னம் சொல்லும், பிள்ளை சொல்லாது. நாள் போகப் போக அட்டையை முடிப்பதே படிப்பு என்று ஆகிவிட்டது. “மிஸ், நான் எந்த அட்டை?” என்று வரிசையில் வந்து நிற்பார்கள். உங்கள் “எத்தனை வரி விடணும்” கேள்வியேதான் அது. இப்போது கையில் வகுப்பு இருந்தால் அந்த ஆறு குழுவையும் வைத்துக்கொண்டு, எதில் உட்காருவது என்ற முடிவை மட்டும் பிள்ளையிடம் கொடுத்திருப்பேன்.

பத்தாம்_வகுப்புத்_தமிழ்

நல்ல பேச்சு. ஆனால் என் நிலைமையையும் கேளுங்கள். நான் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ஜூனில் வரும்போது ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியாத பிள்ளைகள் வகுப்புக்கு எட்டுப் பேராவது இருப்பார்கள். ‘மெல்லக் கற்போர்’ என்று பட்டியல் எழுதி அனுப்பச் சொல்வார்கள். 2019-20ல் இருந்து தமிழுக்கு ஒரே தாள், 100 மதிப்பெண். 35 வாங்கவில்லை என்றால் அந்தப் பெண்ணை வீட்டில் நிறுத்திவிடுவார்கள், சில வீடுகளில் அத்தோடு கல்யாணப் பேச்சு. அவளிடம் போய் “உன் இலக்கை நீயே முடிவு செய்” என்று சொல்ல எனக்கு மனம் வராது. மனப்பாடப் பகுதியை ஒப்பிக்க வைத்து, கடிதத்தையும் கட்டுரையையும் கையைப் பிடித்து எழுத வைத்துத்தான் கரையேற்றுகிறேன். தானாகப் படிக்கிற பிள்ளை யார் என்று பாருங்கள், வீட்டில் படித்த அம்மாவோ அக்காவோ இருக்கும். இல்லாத பிள்ளைக்கு நான்தான் அந்த அக்கா.

வியாசர்பாடி_மாலைவகுப்பு

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது, தள்ளிவிட முடியாது. ஆனால் வேறு பக்கம் இருந்து ஒன்று சொல்கிறேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சமுதாயக்கூடத்தில் மாலையில் ஆங்கிலம், தமிழ் இரண்டும் சொல்லித்தருகிறோம். ஃபுட்பால் முடிந்து வியர்வையோடு வரும் பையன்கள், சின்னப் பிள்ளைகள், டென்த் பெயிலானவர்கள் என்று எல்லாம் கலந்த கூட்டம். கட்டாயம் கிடையாது, பிடிக்காவிட்டால் மறுநாள் வரமாட்டார்கள்.

முதல் மாதம் நாங்கள் செய்த தவறு: “எது பிடிக்குதோ எடுத்துப் படிங்க” என்று ஐம்பது புத்தகத்தைப் பரப்பி வைத்தோம். ஒருவரும் தொடவில்லை. ஒரு பையன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, “அண்ணா, நீங்களே சொல்லிடுங்க” என்றான். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் பயம்தான் வருகிறது. அப்புறம் இரண்டாகக் குறைத்தோம். இந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கிறாயா, இல்லை இதிலிருந்து ஐந்து கேள்வி தயார் செய்கிறாயா? அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து மூன்று. மூன்றாவது மாதத்தில் ஒருவன், “இது ரெண்டும் வேணாம்ணா, நான் மேட்ச் பத்தி எழுதறேன்” என்று அவனாகவே நான்காவது ஒன்றைக் கொண்டுவந்தான்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். தானாகப் படிப்பது என்றால் ‘வீட்டில் போய்ப் படி’ என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர், டிவி ஓடுகிறது, பாட்டி படுத்திருக்கிறாள். அங்கே எங்கே தனியாக உட்கார்ந்து படிப்பது? தானாகப் படிக்கும் நேரத்தைப் பள்ளிக்குள்ளேயே, பீரியடுக்குள்ளேயே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஐயா சொன்னதுதான் நடக்கும், வசதி உள்ள வீட்டுப் பிள்ளை மேலே போகும், மற்றது கீழே நிற்கும்.

பெரம்பூர்_வாசகன்

நான் ஆசிரியன் இல்லை, வரலாறு படிக்கிற ஆசை உண்டு. பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது நம் ஊருக்குப் புதிதே இல்லை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789ல் எழும்பூரில் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளியில் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை, உடனே எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். 1797ல் இங்கிலாந்தில் அதை எழுதி வெளியிட்டார், ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே அங்கே பரவியது. வெளிநாட்டுக்காரர் சொன்னார் என்று நாம் இப்போது திரும்ப வாங்குகிறோம்.

ஏணி_அட்டை

தம்பி, நல்ல தகவல். ஆனால் ஒரு எச்சரிக்கை. திண்ணைப் பள்ளியில் மற்ற பிள்ளைகளை மேய்த்த மூத்த மாணவன், அந்தச் சட்டாம்பிள்ளை, வாத்தியாருடைய பிரம்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டவன். மதராஸ் முறையிலும் என்ன கற்பது, எப்போது கற்பது என்று முடிவு செய்தது பிள்ளை அல்ல. வகுப்புத் தலைவனிடம் ஒரு ஸ்கேலைக் கொடுத்து ‘பேசுறவங்க பேரை எழுது’ என்று விடுவதைச் சுதந்திரம் என்று சொல்ல முடியாது இல்லையா. சக மாணவர் உதவி வேறு, குட்டி வாத்தியார் வேறு.

தண்டையார்பேட்டை_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி, இரவு உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன்.

நான் தேடிப் படித்ததையும் போடுகிறேன். ஐரோப்பியக் கவுன்சிலுக்காக 1979ல் ஆன்றி ஓலெக் என்ற மொழிக்கல்வி ஆய்வாளர் எழுதியதில் இருந்துதான் மொழிக் கல்வியில் பிள்ளைகள் தாங்களாகப் படிப்பது என்ற பேச்சு பரவலானது. தன் கற்றலைத் தானே பொறுப்பேற்று நடத்துகிற திறன் என்கிறார். அதை ஐந்து முடிவுகளாகப் பிரிக்கிறார்: எதற்குப் படிக்கிறேன், எதைப் படிக்கிறேன், எந்த வழியில், எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது, வந்ததா இல்லையா. இது பிறவியிலேயே வருவது இல்லை, பழகித்தான் வரும் என்றும் சொல்கிறார். தமிழ் ஐயாவுக்கு என் பதிலும் அதுதான். பழக்கித்தான் வரும் என்றால், வீட்டில் பழக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு நாம்தானே முதலில் பழக்க வேண்டும்? டென்மார்க்கில் லெனி டாம் என்ற டீச்சர் 1970களில், ஆங்கிலத்தில் ஆர்வமே இல்லாத பதினான்கு வயதுப் பிள்ளைகளை வைத்துத்தான் இதைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு நோட்டு, அன்றைக்கு என்ன செய்தேன், எப்படிப் போனது, நாளைக்கு என்ன என்று அவர்களே எழுதுவார்கள்.

சரி, என் வகுப்பில் இரண்டு வாரமாக நடந்தது. வாரம் ஒரு பீரியடை அப்படியே அவர்களுக்குக் கொடுத்தேன். ஒரு விதி: என்னிடம் வருவதற்கு முன்னால் அகராதி, பக்கத்தில் இருப்பவர், போன பாடம் மூன்றையும் பார்த்துவிட்டு வா. முதல் நாளே அகராதியில் மாட்டிக்கொண்டோம். காசிமேட்டுப் பையன் வலையைப் பற்றிய ஒரு பத்தியில் ‘மெண்டட்’ (mended) என்ற சொல்லைத் தேடினான். எம் என்ற எழுத்துக்குப் போய்விட்டான், அதற்கப்புறம் அந்த எழுத்தின் முதல் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துக்கொண்டே வருகிறான். இரண்டாவது எழுத்துக்கும் வரிசை உண்டு என்று அவனுக்கு யாருமே சொன்னதில்லை. பத்து நிமிடம். வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில், “இந்த புக்ல அது இல்ல மிஸ்” என்றான். உண்மைதான், ‘மெண்ட்’ இருக்கிறது, ‘மெண்டட்’ இல்லை.

பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, “வாலை வெட்டிட்டுத் தேடு” என்றாள். அவ்வளவுதான், வகுப்பு முழுக்க அது பரவிவிட்டது. இப்போது சொல்லின் கடைசியில் வரும் ‘-ed’, ‘-ing’ எல்லாவற்றுக்கும் எங்கள் வகுப்பில் வால் என்றுதான் பெயர். ‘பழுது பார்த்தல்’ என்று பொருளைப் பார்த்துவிட்டுப் பையன் சொன்னான்: “எங்க தாத்தா செய்றது.” தடைக்காலத்தில், ஏப்ரல் 15ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாதபோது, தாத்தா உட்கார்ந்து வலை பின்னுவதைப் பற்றி ஆறு வரி எழுதினான். பிழை நிறைய. ஆனால் யாரையும் கேட்காமல் எழுதினான்.

அடுத்த வாரம் அகராதி பார்ப்பதற்கே ஒரு முழு பீரியடை ஒதுக்கினேன். தானாகச் செய் என்று சொல்வதற்கு முன்னால், எதைக் கொண்டு செய்வது என்பதைச் சொல்லித்தர வேண்டும். நான் அதை மறந்திருந்தேன்.

ராயபுரம்_அப்பா

மிஸ், வணக்கம். நான் ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுறவன். உங்க பள்ளி இல்லை, ஆனால் என் மகள் படிக்கும் பள்ளியிலும் ஒரு மிஸ் இப்படித்தான் செய்கிறார்கள் போல. மகள் நோட்டைத் திறந்தால் சிவப்பு மையே இல்லை, சொல்லுக்கு அடியில் கோடு மட்டும் இருக்கிறது, பக்கத்தில் ஏதோ ஓர் எழுத்து. எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. சரியாக எழுதியிருக்கிறாளா என்று சிவப்பு மையைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். மாதம் 600 ரூபாய் கட்டி ட்யூஷன் போடுகிறேன், அங்கே அக்கா போர்டில் எழுதிப்போட்டுவிடுகிறார், பிள்ளை நோட்டும் சுத்தமாக இருக்கிறது. எது நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கோபமாகக் கேட்கவில்லை, தெரியாமல் கேட்கிறேன்.

தண்டையார்பேட்டை_டீச்சர்

அண்ணா, கேட்டதற்கு நன்றி. இதைப் பெற்றோர் கூட்டத்தில் நாங்களே முதலில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விடுவது எங்கள் தவறு. நானும் அந்தக் குறிகளைத்தான் பயன்படுத்துகிறேன். ‘எ’ என்றால் எழுத்துப்பிழை, ‘கா’ என்றால் காலம் தப்பு, ‘ஒ’ என்றால் ஒருமை பன்மை. கோடு போட்ட இடத்தைப் பிள்ளையே திருத்த வேண்டும். நான் சரியான விடையைச் சிவப்பில் எழுதினால் அவள் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுவாள். அவளே தேடித் திருத்தினால் அந்தப் பிழையோடு இரண்டு நிமிடமாவது உட்கார்ந்திருப்பாள். ஆனால் ஏற்கெனவே சொல்லித்தந்த விஷயத்தில் மட்டும்தான் இப்படிக் கோடு போடலாம். தெரியாத ஒன்றைக் கோடு போட்டு ‘கண்டுபிடி’ என்றால் பாவம், அவள் எங்கே போவாள். அந்த இடத்தில் நான் எழுதிக்கொடுத்துவிடுவேன்.

நீங்கள் பார்ப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஆங்கிலம் தெரிய வேண்டாம். கோட்டைக் காட்டி, “இது என்ன தப்பு, எப்படித் திருத்தின?” என்று தமிழில் கேளுங்கள். அவளால் சொல்ல முடிந்தால் படிக்கிறாள். ட்யூஷன் நோட்டில் ஒரு வரியைக் காட்டி அதே மாதிரி கேட்டுப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை_பையன்

இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் சொல்லித்தந்தது பாதி கொருக்குப்பேட்டை ஸ்டேஷன். கும்மிடிப்பூண்டி லைனில் தினமும் போவேன். அறிவிப்பு தமிழில் வரும், இந்தியில் வரும், ஆங்கிலத்தில் வரும், ஒரே செய்தி. ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்றால் அந்தப் பக்கம் ‘கைண்ட் அட்டென்ஷன்’. கனிவு என்றால் கைண்ட் என்று அங்கேதான் பிடித்தேன், ‘பிளாட்பாரம் நம்பர்’ எங்கே வருகிறது, ரயில் பெயர் எங்கே வருகிறது என்று இரண்டு மொழியின் வரிசையையும் மனசுக்குள் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

ஒன்பதாம் வகுப்பில் இதை ஒரு சாரிடம் சொன்னேன். அது பாடத்தில் இல்லை, கேள்வி பதிலை முதலில் படி என்றார். அத்தோடு யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே தாங்களாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், அதை வகுப்புக்குள் கொண்டுவர ஓர் இடம் வேண்டும், வருடத்துக்கு நாலு தடவையாவது ‘வெளியே எந்தச் சொல்லைப் பிடித்தாய்’ என்று ஒருவர் கேட்டிருந்தால் எனக்குப் போதுமாக இருந்திருக்கும்.

பத்தாம்_வகுப்புத்_தமிழ்

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வகுப்பில் ‘கொயம்பு’, ‘வாயப்பயம்’ என்று பேசுகிற பிள்ளைகளை எழுந்து நிற்க வைத்துத் திருத்துவது என் பழக்கம். இந்தத் தடவை அப்படிச் செய்யவில்லை. அவர்கள் பேசுவதும் தமிழ்தான், அதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது, ழகரம் எங்கே யகரம் ஆகிறது என்று அவர்களையே பட்டியல் போட வைத்தேன். முப்பது சொல் கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் எழுதும்போது எங்கே ழ வர வேண்டும் என்று அவர்களே ஒருவருக்கொருவர் சரிபார்த்தார்கள், நான் யாரையும் நிற்க வைக்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். மாதிரி வினாத்தாளை நான் எடுக்காமல், நான்கு குழுவாக அவர்களையே எடுக்கச் சொன்னேன். ஒரு இயலில் இருந்து குறுவினா, சிறுவினா, நெடுவினா, அதற்கு மதிப்பெண் எப்படிப் பிரிப்பது என்றும் எழுத வேண்டும். நெடுவினாவுக்கு எத்தனை குறிப்பு இருந்தால் முழு மதிப்பெண் என்று அவர்களுக்குள் பெரிய சண்டை. மெல்லக் கற்போர் பட்டியலில் நான் எழுதிக்கொடுத்த ஒரு பெண் அந்தச் சண்டையில் ஜெயித்தாள். மனப்பாடத்தை நான் விடமாட்டேன், தேர்வு அதைக் கேட்கிறது. ஆனால் எந்தப் பாடலை முதலில் எடுப்பது, யாரிடம் ஒப்பிப்பது என்பதை அவர்களிடம் விட்டிருக்கிறேன். மார்ச்சில் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

வியாசர்பாடி_மாலைவகுப்பு

ஐயா, அந்த வினாத்தாள் யோசனையை நாளைக்கே எடுத்துக்கொள்கிறேன். டென்த் பெயிலானவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள், தாளைப் பார்த்தாலே கை நடுங்குகிறவர்கள். அவர்களே எடுத்தால் அந்தப் பயம் கொஞ்சம் இறங்கும்.

தண்டையார்பேட்டை_டீச்சர்

அரையாண்டு முடிந்தது, சொன்னபடி வந்து எழுதுகிறேன். மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை, இறங்கவும் இல்லை. லெனி டாம் மாதிரி நானும் ஆளுக்கு ஒரு நோட்டு எழுத வைத்தேன்; 43 பேரில் 11 பேர் இன்னும் அதில் தினமும் ‘இன்று நன்றாகப் படித்தேன்’ என்று ஒரே வரியைத்தான் எழுதுகிறார்கள், அவர்களோடு தனியாக உட்கார வேண்டும். ஏணி_அட்டை அம்மா சொன்ன ஆறு குழுவை நான்காகச் சுருக்கி, எதில் உட்காருவது என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். முதலில் எல்லோரும் கூட்டாளிகள் இருக்கும் குழுவுக்குத்தான் ஓடினார்கள். மூன்று வாரத்தில் அது தானாக அடங்கியது.

நேற்று மறுபடி துண்டுச்சீட்டில் குறித்தேன். ஒரு பீரியடில் 9 கேள்வி. முன்பு ‘இது சரியா’ என்று நோட்டையே நீட்டுகிற பெண் ஒருத்தி, நேற்று ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, “மிஸ், வலைக்கு மெண்ட் போடறோம், படகுக்கும் போடலாமா, இல்ல அதுக்கு வேற சொல்லா?” என்று கேட்டாள். நானும் அகராதியைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

இப்போது பிரச்சினை வேறு. எங்களிடம் இருப்பது ஐந்து பாக்கெட் அகராதி, நான்கு பேருக்கு ஒன்று என்றால்கூட இன்னும் ஆறு வேண்டும், அதிலும் தமிழில் தேடி ஆங்கிலம் பார்க்கிற அகராதி ஒன்றுகூட இல்லை. பழையது, அட்டை கிழிந்தது என்றாலும் பரவாயில்லை, எம் எழுத்துப் பக்கங்கள் முழுசாக இருந்தால் போதும். யாரிடமாவது இருந்தால் இங்கே சொல்லுங்கள்.

ராயபுரம்_அப்பா

மிஸ், மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் ஒருவர் எனக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லை, மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.